பிரெஞ்சு அதிவேகச் சாலையில் வருடத்துக்கு இரண்டே பயணம்: பட்ஜ் வாங்கலாமா?

கேள்வி: 2 ஜூலை 2024

நாங்கள் லா கூர்நெவில் வசிக்கிறோம். வருடத்தில் ஒரு முறை லூர்துக்கும், ஒரு முறை லியோனிலுள்ள தங்கை வீட்டுக்கும் மட்டுமே காரில் போகிறோம். பெயாஜில், அதாவது சாலைக் கட்டண வாயிலில், நிற்காமல் போவதற்காகக் கார்க் கண்ணாடியில் ஒட்டும் சிறு கருவியான பட்ஜ் வாங்கலாம் என்று நினைத்தேன். லா ஷப்பலில் கடை வைத்திருக்கும் நண்பரோ, வங்கி அட்டை கையில் இருக்கும்போது அது வீண் செலவு என்கிறார். யார் சொல்வது சரி?

3 ஜூலை 2024

உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி. பட்ஜ் வைத்திருப்பதால் உங்களைப் போல எப்போதாவது போகிறவருக்குக் கட்டணத்தில் ஒரு சதமும் குறையாது. பாரிசிலிருந்து லியோனுக்கு அட்டையில் கட்டினாலும் பட்ஜில் கட்டினாலும் அதே ஏறத்தாழ 40 யூரோதான். ஒரே வழியில் மாதம் பத்து முறையாவது போய்வருவோருக்கு 30 விழுக்காடு தள்ளுபடி தரும் திட்டம் 2019 முதல் இருக்கிறது. லூர்து மாதாவை மாதம் பத்து முறை தரிசிக்கும் எண்ணம் இருந்தால் அன்றி அது நமக்கு ஆகாது.

ஆனாலும் நான் பதினொரு வருடமாக ஒன்றை வைத்திருக்கிறேன். காரணத்தைச் சொல்கிறேன். ஓகஸ்ட் முதல் சனிக்கிழமை, ஜூலையில் விடுமுறை போனவர்கள் திரும்பி வர, ஓகஸ்டில் போகிறவர்கள் கிளம்ப, இரண்டு கூட்டமும் சாலையில் எதிரெதிரே வரும் நாள். ‘பிசோன் ஃபூட்டே’, அதாவது தந்திரக் காட்டெருமை என்ற வேடிக்கைப் பெயரில் அரசு வெளியிடும் போக்குவரத்து நாட்காட்டியில் அத்தகைய நாளுக்குப் பெரும்பாலும் சிவப்பு அல்லது கறுப்பு நிறம் போட்டிருப்பார்கள். அப்படிப்பட்ட நாளில் ஏ6 சாலையின் வில்ஃப்ரான்ஷ் வாயிலிலோ, ஏ7 சாலையின் வியென் வாயிலிலோ, பின்னிருக்கையில் இரண்டு பிள்ளைகளும் ஒரு பானை புளிச்சாதமுமாக நிற்கும்போது, செம்மஞ்சள் நிறத்தில் ‘t’ என்ற எழுத்து தொங்கும் வரிசையில் கார்கள் மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் நிற்காமலே கடந்துபோவதைப் பார்த்தால், மாதத்துக்கு ஓரிரு யூரோ என்பது செலவாகத் தோன்றாது. அதுவும் பயன்படுத்திய மாதத்துக்கு மட்டும் அந்தத் தொகையை அறவிடும் திட்டங்களே இப்போது அதிகம். நீங்கள் இரண்டு பயணம் போனால் இரண்டு மாதத்துக்குத்தான் கட்டுவீர்கள்.

எந்த நிறுவனத்திடம் வாங்குவது என்று அதிகம் யோசிக்க வேண்டாம். உலிஸ், ஃபுல்லி, பிப் அண்ட் கோ என்று பெயர்தான் வேறு வேறு. 2000ஆம் ஆண்டில் நாடு முழுவதற்கும் பொதுவாக லிபெர்-தே என்ற ஒரே முறை வந்தபின், எதை வாங்கினாலும் எல்லாச் சாலையிலும் செல்லும். அந்தப் பெயரைப் பிரெஞ்சில் வாசித்தால் ‘சுதந்திரம்’ என்று ஒலிக்கும். குடியரசின் முழக்கத்தில் முதல் சொல்லைக் காசு பிடுங்கும் பெட்டிக்குச் சூட்டிய மனிதருக்கு நகைச்சுவை உணர்வு இருந்ததா இல்லையா என்பதை நான் ஒவ்வொரு மாதமும் கட்டணப் பட்டியல் வரும்போது யோசிக்கிறேன்.

3 ஜூலை 2024, இரவு

மேலே ஒன்றைச் சொல்ல மறந்தேன். பிரான்சின் மேற்குப் பிரதேசமான பிரெத்தாஞ் பக்கம் போவதானால் பட்ஜை வீட்டில் வைத்துவிட்டே போகலாம், அங்கே பெயாஜே கிடையாது. ஐந்நூறு வருடத்துக்கு முன் அந்தப் பிரதேசத்தை ஆண்ட ஆன் சீமாட்டி பிரான்சு மன்னரிடம் வாங்கிய வாக்கு அது என்று அந்த ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். உண்மையில் 1960களின் இறுதியில் அதிபர் த கோலின் அரசு ஒதுங்கிக் கிடந்த அந்தப் பிரதேசத்துக்காக வகுத்த சாலைத் திட்டமே காரணம். சீமாட்டி கதைதான் கேட்க நன்றாக இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

9 ஜூலை 2024

கேட்டவர் மீண்டும் எழுதி, ‘அட்டையை நீட்டிக் கட்டுவது அவ்வளவு கஷ்டமா அண்ணன்’ என்றிருக்கிறார். இடப்பக்கம் ஓட்டுநர் இருக்கை உள்ள காருக்குக் கஷ்டமில்லை. லண்டனிலிருந்து வரும் நம் உறவினர்களைக் கேட்டுப் பாருங்கள்.

என் பெரியம்மாவின் மகன் 2017இல் கலே வழியாக இறங்கி ஏ26 சாலையில் வந்தார். இங்கிலாந்துக் காரில் ஓட்டுநர் வலப்பக்கம் இருப்பார், கட்டண இயந்திரமோ இடப்பக்கம் நிற்கும். ஆகவே பக்கத்து இருக்கையிலிருந்த எழுபத்தொரு வயதுப் பெரியம்மாதான் நுழையும்போது சீட்டை இழுத்து, வெளியேறும்போது சீட்டைச் செருகி, அட்டையைச் செருகி, இயந்திரம் பேசும் பிரெஞ்சைக் கேட்டுத் திகைத்து, பின்னால் ஹோர்ன் அடிக்கிறவனைத் திரும்பிப் பார்த்து முறைத்து, இவ்வளவையும் இருக்கைப் பட்டியோடு செய்தார். இரண்டாவது வாயிலில் சீட்டைக் காற்று கொண்டுபோய்விட்டது. சீட்டைத் தொலைத்தவரிடம் அந்தச் சாலையின் மிக நீண்ட தூரத்துக்கான கட்டணத்தையே கேட்பார்கள் என்பது அன்றுதான் எங்கள் குடும்பத்துக்குத் தெரியவந்தது. அடுத்த வருடம் அவர்கள் கண்ணாடியில் பட்ஜோடு வந்தார்கள். இங்கிலாந்து முகவரிக்கும் அதைத் தபாலில் அனுப்புகிறார்கள். பெரியம்மா அந்தப் பயணம் முழுக்க நித்திரை கொண்டார்.

17 ஓகஸ்ட் 2024

நாங்களும் லூர்துக்குப் போய்த் திரும்பினோம். சைவக் குடும்பம்தான், ஆனாலும் அம்மா இருந்தவரை ஒரு வருடமும் தவறியதில்லை, அந்தப் பழக்கம் நின்றுவிடவில்லை. போகும்போது ஏ10, ஏ71 வழியாக இறங்கி, வியெர்ஸோன் முதல் பிரீவ் வரை கட்டணமே இல்லாத ஏ20 சாலையைப் பிடித்து, துலூஸ் பக்கமாகப் போனோம். செலவைக் குறைக்க நினைப்பவர் இந்த வழியை யோசிக்கலாம். நேரம் சற்றுக் கூடும். பட்ஜைவிட மிச்சம் அதிகம்.

இனி நான் செய்த முட்டாள்தனம். கிளம்பும் முதல் நாள் மகன் காரைக் கழுவும்போது கண்ணாடியிலிருந்து பட்ஜைக் கழற்றிக் கையுறைப் பெட்டிக்குள் போட்டிருக்கிறான். எனக்குத் தெரியாது. சென்ட்-அர்னூ வாயிலில் வழக்கம்போல ‘t’ வரிசையில் மெதுவாக நுழைந்தேன், தடுப்பு எழவில்லை. பின்னால் நீண்ட வரிசை. பதற்றத்தில் பொத்தானை அழுத்தி வந்த சீட்டை எடுத்துக்கொண்டு தப்பித்தேன். அடுத்த ஓய்விடத்தில் பட்ஜைத் தேடிப் பிடித்து, பழைய இடத்தில் ஒட்டி, எல்லாம் சரியாகிவிட்டது என்ற நிம்மதியில், வெளியேறும் வாயிலில் மீண்டும் ‘t’ வரிசைக்கே போனேன்.

அங்கேதான் பிழை. மூடிய முறையிலுள்ள, அதாவது நுழையும்போதும் வெளியேறும்போதும் வாயில் உள்ள சாலையில், நீங்கள் எங்கே நுழைந்தீர்கள் என்பதைப் பட்ஜ் நுழைவாயிலில் பதிவு செய்துகொண்டால்தான் வெளியேறும்போது தூரம் கணக்காகும். நுழைந்தது சீட்டில், வெளியேறுவது பட்ஜில் என்றால் இயந்திரத்துக்கு நீங்கள் வானத்திலிருந்து குதித்தவர். சீட்டில் நுழைந்தவர் சீட்டிலேயே வெளியேற வேண்டும், அல்லது உதவிப் பொத்தானை அழுத்தி மனிதக் குரலோடு பேச வேண்டும். நான் பேசினேன். சீட்டிலிருந்த எண்ணை ஒவ்வொன்றாக வாசித்தேன். அந்தப் பெண் பொறுமையாகப் பதிந்து தடுப்பைத் திறந்தார். மனைவி லூர்து வரை ஒரு வார்த்தை பேசவில்லை, மகன் அதைவிடவும் அமைதியாக இருந்தான்.

இன்னொன்று: கூரைப் பெட்டி போட்டிருந்ததால் நம் கார் 2 மீற்றர் உயரத்தைத் தாண்டி, கட்டணத்தில் முதல் வகுப்பிலிருந்து இரண்டாம் வகுப்புக்கு ஏறிவிட்டது, பட்டியலில் அப்படித்தான் வந்திருக்கிறது. பெட்டி போட்டால் கூடுதலாகக் கட்டத்தான் வேண்டும், வழியில்லை.

19 ஓகஸ்ட் 2024

மேலே கடைசிப் பத்தியில் எழுதியது தவறு. படித்துவிட்டு உடனே எழுதித் திருத்தியவருக்கு நன்றி. வகுப்பைத் தீர்மானிப்பது வாகனத்தின் உயரம், கூரைமேல் ஏற்றிய பெட்டி அல்ல. 2 மீற்றருக்கு உட்பட்ட, 3.5 தொன்னுக்கு மேற்படாத கார் பெட்டியோடும் முதல் வகுப்புத்தான். ஆனால் வாயிலிலுள்ள உணரிக்குப் பெட்டியும் கூரையும் ஒன்றே, அது கண்ட உயரத்தை நம்பி இரண்டாம் வகுப்பைப் போட்டுவிடும். அட்டையில் கட்டுகிறவர் திரையில் தொகையைப் பார்த்ததும் உதவிப் பொத்தானை அழுத்தித் திருத்திக்கொள்ளலாம். பட்ஜில் பறக்கிறவருக்கு மாத முடிவில் பட்டியலைப் பார்த்தால்தான் தெரியும். பட்ஜுக்குள்ளேயே காரின் வகுப்பு எழுதப்பட்டிருக்கிறது என்று நான் இத்தனை வருடம் நம்பியிருந்ததும் பிழை. சாதாரணக் காருக்கான பட்ஜில் ஒவ்வொரு வாயிலும் தன் கண்ணால் பார்த்தே வகுப்பை முடிவு செய்கிறது.

முறையிட்டு எழுதியிருக்கிறேன். பட்ஜ் வாங்கியவர் பட்டியலை வாசிக்கும் பழக்கத்தையும் சேர்த்தே வாங்க வேண்டும் என்று என் முதல் பதிலில் எழுதியிருக்க வேண்டும்.

6 ஒக்டோபர் 2024

கூரைப் பெட்டிக்கான வித்தியாசம் கணக்கில் திரும்ப வந்துவிட்டது.

பழைய காரை ருவானில் வசிக்கும் ஒரு தம்பிக்கு விற்றுவிட்டோம். பதினொரு வருடம் உழைத்த கார். பட்ஜைக் கழற்றிப் புதிய காரில் ஒட்டினேன், முதல் வாயிலிலேயே தடுப்பு அசையவில்லை. பட்ஜ் பழுது என்று நினைத்தேன். அது இல்லை. புதிய காரின் முன்கண்ணாடி வெப்பத்தைத் தடுக்க மெல்லிய உலோகப் பூச்சுப் பூசியது. பட்ஜும் வாயிலும் 5.8 கிகாஹேர்ட்ஸ் அலையில் பேசிக்கொள்கின்றன, உலோகப் பூச்சு அந்தப் பேச்சை வழிமறிக்கிறது. இதற்காகவே பின்பார்க்கும் கண்ணாடியின் பின்புறம், கறுப்புப் புள்ளிகள் தெரியும் சிறு பகுதியைப் பூச்சு இல்லாமல் விட்டிருப்பார்கள். அங்கே ஒட்டியதும் ஒரு சிறு ‘பீப்’, தடுப்பு எழுந்தது. உங்கள் காரின் கைநூலில் அந்த இடம் படத்தோடு இருக்கும். எனக்கு அது இருப்பது ஒட்டுப்பசை மூன்று முறை வீணான பிறகு நினைவுக்கு வந்தது.

15 டிசம்பர் 2024

கேட்டவர் கடைசியில் பட்ஜ் வாங்கிவிட்டாராம். சமையலறையில் குளிர்சாதனப் பெட்டிமேல் இருக்கிறதாம், லியோன் பயணம் பங்குனியில்தான். நல்லது. அதற்கிடையில் நோர்மாந்திப் பக்கம் ஒரு பெரிய மாற்றம் நடந்துவிட்டது, அதை எழுதாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது.

பாரிசிலிருந்து கான் வரை போகும் ஏ13 சாலையிலும், ஏ14இலும் இனித் தடுப்புகளே இல்லை. பியூஷ்லே வாயில் இந்தக் கோடையிலேயே போய்விட்டது, தொசூலே வரையிலான மற்றவை இம்மாதம் போய்விட்டன. சாலைக்கு மேலே ஒரு வளைவு நிற்கிறது. அதில் கமெராவும் பட்ஜ் வாசிக்கும் கருவியும் இருக்கின்றன. நீங்கள் சாலை வேகத்திலேயே கடந்துபோகலாம். பட்ஜ் இருந்தால் அது கணக்கில் எழுதிக்கொள்ளும். இல்லையென்றால் கமெரா இலக்கத் தகட்டைப் படமெடுக்கும், 72 மணித்தியாலத்துக்குள் நீங்களாகவே இணையத்திலோ, இந்த வசதியுள்ள புகையிலைக் கடையிலோ இலக்கத்தைச் சொல்லிக் கட்ட வேண்டும். மறந்தால் மேலதிகத் தொகை, பிறகு அபராதம், அது 375 யூரோ வரை ஏறக்கூடும். இந்த முறையை 2019இல் மொசெல் பக்கம் பூலே என்ற இடத்தில் ஒரே ஒரு வெளிவாயிலில் முதன்முதலாகச் செய்து பார்த்தார்கள், 2022 நவம்பரில் ஏ79 சாலை முழுவதற்கும் கொண்டுவந்தார்கள், இப்போது ஏ13.

என் எண்ணம் இதனால் மாறியிருக்கிறது. ஜூலையில் நான் எழுதியபோது பட்ஜ் என்பது நேரத்தை மிச்சப்படுத்தும் வசதி, வேண்டுமானால் வாங்கலாம், வேண்டாமென்றால் விடலாம். தடுப்பு இல்லாத சாலையில் நேரத்தை மிச்சப்படுத்த எதுவும் இல்லை, எல்லாரும் ஒரே வேகத்தில்தான் போகிறார்கள். அங்கே அது மறதிக்கு எதிரான காப்புறுதி. தோவில் கடற்கரைக்குப் போய், மீன் சாப்பிட்டு, பிள்ளைகளின் உடுப்பிலிருந்து மணலைத் தட்டி, திங்கட்கிழமை வேலைக்குப் போகிறவர், மூன்று நாளுக்குள் ஒரு இணையப் பக்கத்துக்குப் போய் இலக்கத்தை இட்டுக் காசு கட்ட வேண்டும் என்பதை ஞாபகம் வைத்திருப்பாரா? நான் வைத்திருக்க மாட்டேன்.

ஆகவே பட்ஜ் கணக்கில் காரின் இலக்கத்தையும் பதிந்துவிடுங்கள். ஏதோ காரணத்தால் வளைவு பட்ஜை வாசிக்கத் தவறினாலும், கமெரா எடுத்த இலக்கத்தைக் கணக்கோடு பொருத்திவிடுவார்கள். நான் புதிய காரின் இலக்கத்தை நேற்றே பதிந்துவிட்டேன்.

8 பெப்ரவரி 2025

ஜனவரிப் பட்டியல் வந்திருக்கிறது. தொகை கூடியிருப்பதைக் கண்டு முதலில் தை மாதக் கட்டண உயர்வு என்று நினைத்தேன். ஆனால் கட்டணம் ஒவ்வொரு வருடமும் பெப்ரவரி 1ஆம் திகதிதான் மாறும், ஜனவரிக்கு அது பொருந்தாது. நாங்கள் அந்த மாதம் ஒரே ஒரு முறைதான் வெளியே போனோம். பட்டியலிலோ வரிக்கு மேல் வரி. பூர்ன்வில், பெஸ்வில், தொசூலே. சனிக்கிழமை காலை மேற்கே, ஞாயிறு மாலை கிழக்கே. மறு வாரமும் அப்படியே.

என் பட்ஜைக் களவெடுத்துவிட்டார்கள் என்று மனைவி சொன்னார். வாசலில் போய்ப் பார்த்தேன், கண்ணாடியில் ஒட்டியபடியே இருந்தது.

8 பெப்ரவரி 2025, ஒரு மணித்தியாலம் கழித்து

களவு இல்லை. டிசம்பரில் ‘புதிய காரின் இலக்கத்தைப் பதிந்துவிட்டேன்’ என்று எழுதினேன் அல்லவா? பதிந்தேன். பழையதை நீக்கவில்லை.

2013இல் பட்ஜ் வாங்கியபோது படிவத்தில் கேட்டார்கள் என்பதற்காக எழுதிக்கொடுத்த அந்த இலக்கத்தைப் பின்னர் ஒருவரும் ஒரு வாயிலிலும் என்னிடம் கேட்டதில்லை, ஆகையால் அப்படியொன்று கணக்கில் இருப்பதையே நான் மறந்துவிட்டேன். தடுப்பு இருந்த காலத்தில் அதனால் ஒரு கேடும் இல்லை. காரை வாங்கிய தம்பி ஒக்டோபரிலும் நவம்பரிலும் கானுக்குப் போயிருந்தால், தடுப்பு அவரை நிறுத்தி அவருடைய அட்டையைத்தான் கேட்டிருக்கும். டிசம்பரில் தடுப்பு போனதும், வளைவிலுள்ள கமெரா பழைய காரைப் பார்த்து, பட்ஜ் இல்லை, ஆனால் இந்த இலக்கத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது என்று கண்டு, ஒவ்வொரு வாரமும் நேர்மையாக என் வங்கிக் கணக்கில் எழுதியிருக்கிறது. இயந்திரத்தின் மேல் பிழை சொல்ல ஒன்றுமில்லை. நான் சொல்லிக்கொடுத்ததையே அது செய்தது.

டிசம்பர்ப் பட்டியலையும் எடுத்துப் பார்த்தேன். அதிலும் அதே மாதிரி வரிகள். பட்டியலை வாசிக்கும் பழக்கம் பற்றி ஓகஸ்டில் நான் செய்த உபதேசத்தை யாரும் எனக்கு எடுத்துக்காட்ட வேண்டாம், மகன் ஏற்கனவே செய்துவிட்டான்.

9 பெப்ரவரி 2025

ருவான் தம்பியோடு பேசினேன். பாவம், நல்ல பிள்ளை. தடுப்பை எடுத்துவிட்டார்கள், ஒரு கடிதமும் வரவில்லை, ஆகவே அந்தச் சாலை இலவசமாகிவிட்டது என்று நினைத்தாராம். கானில் பெண் பார்த்திருக்கிறார்கள், நிச்சயமாகியிருக்கிறது, வாரா வாரம் போய்வருகிறார். இதைச் சொல்லும்போது அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவருடைய காதல் செலவை இரண்டு மாதமாக நான் கட்டிவந்திருக்கிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். நமக்கு அப்படி யாரும் கட்டவில்லையே என்றார்.

தம்பி முழுத் தொகையையும் உடனே அனுப்புவதாகச் சொன்னார். நான் அவசரப்பட வேண்டாம் என்றேன், முதலில் கணக்கைச் சரிசெய்ய வேண்டும். பழைய இலக்கத்தை இன்று நீக்கிவிட்டேன், ஐந்து நிமிட வேலை. காரை விற்றதற்கான சான்றிதழின் பிரதியையும் சேர்த்து, நிறுவனத்துக்கு நடந்ததை எழுதினேன்.

நீக்கும் முன் அவருக்கு ஒரு வார்த்தை சொல்லிவைத்தது நல்லதாயிற்று. சொல்லாமல் நீக்கியிருந்தால், அடுத்த சனிக்கிழமை முதல் ஒவ்வொரு வளைவும் அவருக்குக் கட்டப்படாத கடனாக ஏறி, கடிதம் கடிதமாக வந்திருக்கும். காரை விற்கிறவர்கள் இதைக் கவனியுங்கள்: இலக்கத்தை நீக்க வேண்டியது விற்கிறவர், பதிய வேண்டியது வாங்குகிறவர், இரண்டும் ஒரே நாளில் நடந்தால் நல்லது.

2 மார்ச் 2025

விற்பனைச் சான்றிதழில் இருந்த திகதியை ஏற்று, அதன் பின்னான பயணங்களின் தொகையைத் திருப்பித் தந்துவிட்டார்கள். தம்பி தன் பங்கைத் தானே கட்டிவிட்டு, ஒரு பட்ஜும் வாங்கியிருக்கிறார்.

ஜூலையில் கேள்வி கேட்டவருக்கு: உங்கள் குளிர்சாதனப் பெட்டிமேல் இருப்பதைக் கண்ணாடியில் ஒட்டும் நாள் நெருங்கிவிட்டது. புள்ளிகள் உள்ள இடத்தில் ஒட்டுங்கள், இலக்கத்தைப் பதியுங்கள், பிள்ளைகளைக் காரைக் கழுவ விடாதீர்கள். லியோன் வழியில் தடுப்புகள் இன்னும் இருக்கின்றன. நான் செய்தவற்றில் பாதியை உங்களால் அங்கே செய்ய முடியாது. லா ஷப்பல் நண்பரிடம், அவர் சொன்னது சென்ற கோடை வரை பாதி சரியாக இருந்தது என்று சொல்லிவிடுங்கள்.

6 ஏப்ரல் 2025

மார்ச் மாதம் நாங்கள் எங்கும் போகவில்லை, ஆகவே அறவிட ஒன்றுமில்லை, பட்டியலில் ஒரு வரியும் இல்லை. மனைவி வாங்கிப் பார்த்தார். ‘கல்யாணம் எப்போதாம்?’ என்று கேட்டார்.